தேக்குப் பலகைத் தளம் வளைகிறது: கழற்றுவதா, பொறுப்பதா?

மட்டக்களப்பு கல்லடியில், வாவிக்குக் கிட்ட எங்கள் வீடு. முன் அறையில் போட்ட தேக்குப் பலகைத் தளம் மாரி தொடங்கியதிலிருந்து வளைகிறது. ஒவ்வொரு பலகையிலும் இரண்டு ஓரமும் எழும்பி, நடு பள்ளமாகிவிட்டது. வெறுங்காலோடு நடந்தால் சின்னவிரல் தட்டுகிறது.

பலகை 4 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. பழைய சீமெந்துத் தரையில் நேரே பசை பூசி ஒட்டியது, இடையில் பொலித்தீன் இல்லை. மேலே பொலியூரித்தேன் வார்னிஷ். சுவரோரம் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் வேலை முடிந்தது. அப்போது பொருத்துகளில் கத்தி நுனிகூடப் போகாது. கூரை ஒழுகவில்லை, வெள்ளமும் உள்ளே வரவில்லை.

ஈரத்துணியால் துடைப்பதை நிறுத்தினேன். இரவு பகலாக ஃபேன் போட்டேன். அரிசி மூட்டையைப் பாரமாக வைத்தும் பார்த்தாயிற்று, அசையவில்லை. அப்புறம் பக்கத்து அறையின் வெறும் சீமெந்தில் பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். அடியில் முத்து முத்தாய் நீர். ஆக, ஈரம் கீழிருந்துதான் ஏறுகிறது.

ஓடாவியார் (தச்சர்) சீவி மட்டமாக்கலாம் என்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஈரத்தோடு சீவினால் காய்ந்த பிறகு நடு மேடாகிவிடும்.

கரையோரத்தில் பலகைத் தளம் போட்டவர்கள் சொல்லுங்கள்: இப்போதே கழற்றி, சீமெந்துக்கு ஈரத்தடுப்புப் பூச்சு அடித்துத் திரும்பப் பதிக்கவா, இல்லை கச்சான் வரும்வரை பொறுத்தால் தானாகப் படியுமா?