உயில் இல்லாதவரின் சொத்துக்கு நிர்வாகியாகக் கையெழுத்துப் போடும் முன்

இங்கிலாந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் வாடகை வீடு, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நாள் வரும்போது நிதானமாகப் படிக்கிற மனநிலை இருக்காது என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

2024-ல் என் அக்கா கணவர் திடீரென்று காலமானார். உயில் எழுதவில்லை. வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர், இருவருமே சிறுவர்கள். காரியம் முடிந்த கையோடு அக்கா, "தம்பி, நீயும் ஒரு கையெழுத்துப் போடணுமாம்" என்றாள். சரி என்றேன். அது வெறும் கையெழுத்து இல்லை என்று புரியச் சில வாரங்கள் ஆயின.

உயில் இருந்தால், அதில் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு உயிலிலிருந்தே அதிகாரம் வந்துவிடும். உயில் இல்லையென்றால், இறந்தவர்களின் சொத்து விஷயங்களைப் பார்க்கும் நீதிமன்றப் பிரிவான புரோபேட் பதிவகம் ஒருவரை நிர்வாகியாக நியமிக்க வேண்டும். அந்த நியமன ஆணைக்குப் பெயர் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். உயில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆணைக்குத்தான் புரோபேட் என்று பெயர், ஆனால் பேச்சில் எல்லாரும் இரண்டையும் புரோபேட் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒரு வித்தியாசம் முக்கியம்: ஆணை கைக்கு வரும் வரை, மனைவியே ஆனாலும் அந்த வீட்டை விற்க அதிகாரம் கிடையாது. இறுதிச் சடங்கு செய்யலாம், வீட்டைப் பூட்டிப் பாதுகாக்கலாம், அவ்வளவுதான். சொத்தில் பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பங்கு வந்தால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும். நான் உள்ளே வந்தது அப்படித்தான்.

1925-ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டம் நிர்வாகியின் கடமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. இறந்தவரின் சொத்துகளைத் திரட்டு, சட்டப்படி நிர்வகி. நீதிமன்றம் கேட்டால் சொத்துப் பட்டியலையும் கணக்கையும் சத்தியப் பிரமாணத்தோடு கொடு. ஆணையைத் திருப்பிக் கேட்டால் அதையும் கொடு. படிக்க எளிது. ஆனால் திரட்டுவதற்கும் பிரித்துக் கொடுப்பதற்கும் நடுவில் கடன் என்று ஒன்று இருக்கிறது. உறவுக்காரர்கள் எல்லாரும் மறந்துபோவது அதைத்தான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆணை வந்த வாரமே அத்தானின் தம்பி, தான் கைமாற்றாகக் கொடுத்த பணம் இருக்கிறது, அதை முதலில் அனுப்புங்கள் என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சான்று இல்லாத கடனை நான் கொடுத்து, பிறகு அது கடனே இல்லை என்று ஆனால், பிள்ளைகளின் பங்கில் விழும் ஓட்டையை என் பையிலிருந்துதான் அடைக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றப் பதிவு இருந்தால் அனுப்புங்கள் என்றேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பதிவு வந்தது, கொடுத்தோம்.

நான்காவது மாதத்தில், யாருக்கும் தெரியாத ஒரு கிரெடிட் கார்டு பாக்கி கடிதமாக வந்து நின்றது. அதற்குள் பங்கு பிரித்திருந்தால்? இதற்குத்தான் கெசட் என்கிற அரசிதழிலும், வீடு இருக்கிற பகுதியின் செய்தித்தாளிலும் அறிவிப்புக் கொடுத்துக் குறைந்தது இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தபின் பிரித்துக் கொடுத்தால், உங்களுக்குத் தெரியாத கடன்காரர் பிறகு வந்தாலும் உங்களைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க முடியாது. தெரிந்த கடனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடன் சொத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் எதையும் கொடுக்காமல் வழக்கறிஞரிடம் போங்கள். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குத் தனி வரிசை உண்டு.

"எப்போது பிரிப்பீர்கள்" என்று ஊரிலிருந்து வாரம் ஒரு போன் வரும். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரித்தே ஆகவேண்டும் என்று உங்களைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இன்னொன்று, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் தங்களுக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். அதுவரையாவது பொறுப்பது நல்லது.

பங்கு எவ்வளவு என்பது நம் குடும்பங்களில் பெரிய அதிர்ச்சி. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் வீட்டுச் சாமான்கள் மனைவிக்கு, அதோடு முதல் 3,22,000 பவுண்ட், மீதியில் பாதி. மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. (2023 ஜூலை 26 முதல் இந்தத் தொகை.) அக்காவுக்கு இது ஏறவே இல்லை: "என் வீட்டில் என் பிள்ளைக்கே நான் பங்கு எழுதி வைக்கணுமா?" தான் குடியிருக்கும் வீட்டைத் தன் பங்கில் சேர்த்துக்கொள்ள மனைவி கேட்கலாம், ஆணை வந்த 12 மாதத்துக்குள். அப்படித்தான் செய்தோம். வீட்டு மதிப்பை வெளியாள் ஒருவரைக் கொண்டு போட வைத்தோம். சட்டப்படி செல்லும் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு இந்த விதியில் ஒன்றுமே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இறந்தவரின் சொத்துக்கு விதிக்கும் வரியைப் (இன்ஹெரிடன்ஸ் டாக்ஸ்) பொறுத்தவரை, மனைவிக்குப் போவதற்குப் பொதுவாக வரி இல்லை. மற்றபடி 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம். இறந்த மாதம் முடிந்து ஆறாம் மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும், தாமதித்தால் வட்டி. 2025 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவர், இறப்பதற்கு முந்தைய 20 வரி ஆண்டுகளில் குறைந்தது 10 ஆண்டுகள் பிரிட்டனில் இருந்தவர் என்றால், ஊரில் உள்ள மனையும் கணக்கில் வரும். மறைக்க நினைக்காதீர்கள். ஆனால் அந்த மனை யாருக்குப் போகும் என்பதை ஊர்ச் சட்டம்தான் தீர்மானிக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இங்கே நிர்வாக ஆணைக்குப் பதிலாகாது. இந்த ஆணையும் அங்கே அப்படியே செல்லாது.

உங்கள் உழைப்புக்குச் சம்பளம் கிடையாது, செலவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இறந்தவரின் சொத்தை நீங்களே விலைபேசி வாங்கிக்கொள்ளக் கூடாது. பங்குதாரர் எல்லாரும் தெரிந்து சம்மதித்தால் ஒழிய. சிறுபிள்ளை எப்படிச் சம்மதிக்கும்? பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். தபால் தலை ரசீதைக்கூட வையுங்கள்.

இதெல்லாம் முடியாது என்று தோன்றினால் விண்ணப்பிக்கும் முன்பே உரிமையைத் துறந்துவிடலாம், அதற்குப் படிவம் இருக்கிறது. ஆணை வந்தபின் நினைத்த நேரத்தில் விலக முடியாது. எங்கள் விஷயத்தில் பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெரியவர்களாகும் வரை அக்காவும் நானும் அறங்காவலர்களாக வைத்திருக்கிறோம். சின்னவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. கோப்பு என் அலமாரியில், மேல் தட்டில்.