மறு: காதொலிக் கருவியின் ‘கத்தல்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈரோட்டிலிருந்து, செவித்திறன் பரிசோதகர் – திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றில் நடக்கவிருக்கும் முகாமில், காதுக்குப் பின்புறம் அணியும் கருவியை வாங்கிச் செல்பவர்களிடம் கொடுப்பதற்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் திருத்திய படி கைக்கு வந்தாக வேண்டும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். பெரும்பகுதி முடிந்துவிட்டது. கருவிக்கு அரசுத் துறையில் புழங்கும் ‘காதொலிக் கருவி’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டேன். காதுக் குழிக்குள் பொருந்தும் பகுதி ‘காது அச்சு’. அதைக் கருவியோடு இணைப்பது குழாய். பேட்டரியைப் பேட்டரி என்றே விட்டுவிட்டேன். பேட்டரியின் மேலுள்ள வண்ண ஒட்டியை உரித்த பிறகு, காற்று உள்ளே செல்ல ஒரு நிமிடமாவது காத்திருந்து பொருத்த வேண்டும் என்பதையும், இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள டப்பாவில் கருவியை வைத்து மூட வேண்டும் என்பதையும் எழுதுவதில் எனக்கு ஒரு தடையும் ஏற்படவில்லை.

தடை ஒரே இடத்தில்தான். கருவி பெருக்கிக் காதுக்குள் அனுப்பிய ஒலி, அச்சு சரியாகப் பொருந்தாத இடைவெளி வழியே வெளியே கசிந்து, காதின் பின்னால் உள்ள மைக்கில் மறுபடியும் நுழைந்து, மறுபடியும் பெருக்கப்பட்டு, மறுபடியும் கசிந்து, இப்படிச் சுற்றிச் சுற்றி வரும்போது ‘கீ’ என்று ஓர் ஓசை எழுகிறதல்லவா, அதற்குத் தமிழில் என்ன எழுதுவது? பொறியியல் நூல்களில் ‘பின்னூட்டம்’ இருக்கிறது. ஆனால் “பின்னூட்டம் ஏற்பட்டால் காது அச்சைக் கழற்றி மீண்டும் பொருத்தவும்” என்று எழுதி வாய்விட்டுப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் வருபவர்கள் “மிஷின் கத்துதுங்க” என்றுதான் சொல்கிறார்கள். பெரியவர்கள் ஒரு வழி சொல்ல வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய் விடியற்காலை

அம்மணிக்கு வாழ்த்துகள். இந்தச் சொல்லை நீங்கள் ஆக்க வேண்டியதே இல்லை, எடுத்துக்கொண்டால் போதும். ஆட்டு மந்தையை ஒன்றுகூட்ட இடையன் வாயை மடித்து எழுப்பும் கூரிய ஓசைக்குச் சங்கப் பாடல்களில் ‘வீளை’ என்று பெயர். அகநானூற்றில் ‘வீளை அம்பு’ என்றே வருகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு ஓசையோடு பாயும் அம்பு அது. விளித்தல் என்றால் அழைத்தல். எட்டாம் வேற்றுமைக்கு விளி வேற்றுமை என்று பெயர் வந்ததும் அதனால்தான். விளி என்னும் அடியே நீண்டு வீளையாயிற்று என்பது என் துணிபு. பொருளைப் பாருங்கள்: அச்சு நழுவியவுடன் கருவி தன்னை அணிந்தவரை “ஐயா, என்னைச் சரியாகப் பொருத்துங்கள்” என்று விளிக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

மற்றொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘காதொலி’ என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. காதின் ஒலி என்று விரித்தால், காதுக்குள் தானாகக் கேட்கும் இரைச்சல் என்றல்லவா பொருள்படும்? திருக்குறளின் கேள்வி அதிகாரத்தில் பத்துக் குறளில் ஐந்தில் செவி வருகிறது. காது ஒன்றில்கூட இல்லை. ஆயினும் அரசு எழுதிவிட்டதால் அந்த வழக்கை இப்போது எழுப்பவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, மின்னணுவியல் பேராசிரியர் – செவ்வாய் நண்பகல்

ஐயாவின் தமிழை வணங்குகிறேன். ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பது கலைச்சொல்லாக்கத்தின் அடிப்படை. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கெனச் சங்கம் கண்ட காலத்திலிருந்து, எங்கள் ஊரில் ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ என்ற அறிவியல் இதழை நடத்திய காலம் வரை பெரியவர்கள் பாடுபட்டது, துறைக்கொரு சொல்லும் துண்டறிக்கைக்கொரு சொல்லுமாகச் சிதறிப் போகக் கூடாது என்பதற்காகத்தான். பின்னூட்டம் என்பது ஒலிபெருக்கிக்கும், மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக்கும், உடலின் சர்க்கரைச் சமநிலைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் பொதுக் கருத்து. அதற்குக் காதில் மட்டும் ஏன் வேறு பெயர்?

இன்னொரு நுட்பமும் உண்டு. பின்னூட்டம் காரணம், ‘கீ’ ஓசை அதன் விளைவு. ஓசை எழுவதற்கு முன்பே கசிவு தொடங்கிவிடும். பேச்சு கரகரப்பாகவோ உலோகத்தில் தட்டியதுபோலவோ கேட்கும். இன்றைய டிஜிட்டல் கருவிகள் கசியும் ஒலியை மதிப்பிட்டு, அதற்கு நேரெதிரான அலையைச் சேர்த்து அதைக் கழித்துவிடுகின்றன. அப்போது பின்னூட்டப் பாதை இருக்கிறது, ஆனால் ஓசை இல்லை. விளைவின் பெயரைக் காரணத்துக்குச் சூட்டினால் நாளைக்கு இதையெல்லாம் தமிழில் எழுதவே முடியாது.

பொள்ளாச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர் – செவ்வாய் இரவு

இருவரும் பொறுத்தருள வேண்டும். ‘பின்னூட்டம்’ என்ற சொல்லை இணையத் தமிழர்களாகிய நாமே கெடுத்துவிட்டோம். வலைப்பதிவுகளின் காலத்திலிருந்து அதற்கு ‘வாசகர் கருத்து’ என்பதே பொருள். இந்தக் குழுவிலேயே எத்தனை முறை அப்படி எழுதியிருக்கிறோம்? மேலும் அது பிறமொழிச் சொல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்து ஒட்டியது. தனிக்குறில் முன் ஒற்று இரட்டிப் புணர்ச்சி இலக்கணப்படி வந்துவிட்டது என்பதால் பொருள் வந்துவிட்டதாகாது. யார் யாருக்குப் பின்னால் நின்று ஊட்டுகிறார்கள்?

என் பரிந்துரை ‘மீளொலி’. இது வினைத்தொகை; மீண்ட ஒலி, மீள்கின்ற ஒலி, மீளும் ஒலி என மூன்று காலத்துக்கும் விரியும். கருவிக்குள் நடப்பதும் அதுதான்: ஒரு முறை மீண்ட ஒலியே இப்போதும் மீள்கிறது, அச்சைச் சரிசெய்யாவிட்டால் இன்னும் மீளும். வினைத்தொகைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பாடநூலிலும் பார்த்ததில்லை.

வீளையைப் பற்றி ஒரு தயக்கம். விளிதல் என்றால் இறத்தல் என்றும் பொருள் உண்டு. “விளிந்தாரின் வேறல்லர்” என்று குறளே சொல்கிறது. எழுபது வயதுக்காரரின் காதில் மாட்டும் கருவிக்கு அந்த வேரிலிருந்து பெயர் வைக்கத்தான் வேண்டுமா? பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்பது நன்னூலார் வாக்கு.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – புதன் விடியற்காலை

விளிதல் வேறு, விளித்தல் வேறு; ஒன்று தன்வினை, மற்றது பிறவினை என்று மயங்கிவிடக் கூடாது. இரண்டும் தனித்தனிச் சொற்கள். நன்னூலாரை எனக்கு எதிராக நிறுத்துகிறீர்கள். அவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்துக்காரர் என்பது எங்கள் கொங்கு மரபு. அம்மணியின் முகாம் நடக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். புதியன புகலாம் என்றுதான் அவர் சொன்னார். பழையது கைவசம் இருக்கும்போதே அதை வாசலில் நிறுத்திவிட்டுப் புதியதை உள்ளே அழைக்கச் சொல்லவில்லை.

(இதன் பிறகு வந்த மடல்கள், விளிதலுக்கும் விளித்தலுக்கும் வேர் ஒன்றா என்பதைப் பற்றியவை. துண்டறிக்கைக்குப் பயன்படாதவை என்பதால் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

சோமனூரிலிருந்து, முன்னாள் விசைத்தறி உரிமையாளர் – புதன் மாலை

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஆனால் இந்தக் குழுவில் அந்தக் கருவியைக் காதில் மாட்டியிருப்பவன் நான் ஒருவன்தான் போலத் தெரிவதால் எழுதுகிறேன்.

தறிக் கொட்டகையில் கழிந்த வாழ்க்கை என்னுடையது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால் சிரித்த தலைமுறை நாங்கள். பரிசோதனையில் வரைந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல இறங்கியது. சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடும் இடம் அதுதான் என்றார்கள். முதன்முதலில் நான் வாங்கிய கருவியோடு வந்த தாளில் “பின்னூட்டம் இருப்பின் தெரிவிக்கவும்” என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்று பேத்தியிடம் கேட்டேன். “உங்கள் கருத்தைக் கேட்கிறார்கள் தாத்தா” என்றாள். நானும் “கருவி நன்றாக இருக்கிறது, நன்றி” என்று கடிதம் எழுதி அனுப்பினேன். அந்த நேரத்தில் என் காதில் கருவி கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கேதான் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது. கூர்மையான ஓசைகள்தான் எனக்குப் போய்விட்டன. அதுவும் கூர்மையான ஓசை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் குக்கரா மாமாவா என்று தேடுவார். ஆகவே தமிழாசிரியர் ஐயா சொன்னதுபோல அது என்னை விளிப்பதில்லை. என்னைத் தவிர மற்ற எல்லாரையும் விளிக்கிறது. துண்டறிக்கையில் அந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர் நான் அல்ல, என் மருமகளும் பேத்தியும். அவர்கள் வாயில் வரும் சொல் ‘விசில்’. மார்கழிப் பனிக்கு உருமாலையைக் காதோடு சேர்த்துக் கட்டும்போதெல்லாம் பேத்திதான் ஓடி வந்து, “தாத்தா, விசில் அடிக்குது” என்று துணியை விலக்கிவிடுவாள். மைக்கைத் துணியோ கையோ மூடினாலும் ஒலி திரும்பிவிடும் என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் அவளே.

இன்னொன்று. கத்துகிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒலியளவைக் குறைத்துவிடுவேன். சத்தம் நின்றுவிடும், கூடவே பேச்சும் கேட்காமல் போய்விடும். பிறகு எதற்கு இந்தச் சனியன் என்று கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். மாதக்கணக்காக அது பெட்டியிலேயே கிடந்தது. கடைசியில் பார்த்தால் காது நிறையக் குறும்பி, குழாய் மஞ்சளாகிக் குச்சிபோல விறைத்துக் கிடந்தது. எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, ஒலியைக் குறைப்பது தீர்வாகாது என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து, செவித்திறன் பரிசோதகர் – வியாழன் இரவு

சோமனூர் ஐயாவின் மடலைப் படித்த பிறகு அந்தப் பத்தியை முழுதும் மாற்றி எழுதினேன். அணிபவரை நோக்கி இருந்ததை வீட்டாரை நோக்கித் திருப்பியிருக்கிறேன். இத்தனை நாள் இதைச் செய்து கொண்டிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குழுவில் கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ‘விசில்’ பக்கம் வந்துவிட்டார்கள். அது உடன்பாடா அயர்ச்சியா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பேராசிரியர் ‘காரணம்’ என்று பிரித்துச் சொன்னதற்கு, கருவியைச் சரிசெய்பவர்களுக்கான தனித் தாளில் ‘மீளொலி’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் பின்னூட்டம் என்று தருகிறேன். அச்சுக்குப் போகும் வடிவம் இது:

“கருவியிலிருந்து விசில் சத்தம் வந்தால்: இந்தச் சத்தம் அணிந்திருப்பவருக்குக் கேட்காமல் இருக்கலாம், பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். காது அச்சைக் கழற்றி, காது மடலைச் சற்று இழுத்துப் பிடித்து மீண்டும் முழுமையாகப் பொருத்தவும். துணி, தொப்பி, உருமாலை கருவியை மூடியிருந்தால் விலக்கவும். காதில் குறும்பி அடைத்திருந்தால் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளவும். ஊக்கு, குச்சி எதையும் நுழைக்கக் கூடாது. குழாய் விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்ற வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். வளரும் குழந்தைகளுக்குக் காது பெரிதாவதால் அச்சையே புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அச்சைக் கருவியிலிருந்து பிரித்த பிறகு மட்டுமே வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவவும். கருவியில் தண்ணீர் படக் கூடாது. ஒலியைக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம்.”

கோயம்புத்தூரிலிருந்து, மின்னணுவியல் பேராசிரியர் – வியாழன் இரவு

அடைப்புக்குறிக்குள்ளாவது இடம் கிடைத்ததே. என் மாணவர்களிடம் நான் பின்னூட்டம் என்றே சொல்வேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – வெள்ளி விடியற்காலை

அம்மணி, விசிலை நான் ஏற்கவில்லை. சீழ்க்கை என்றாவது எழுதியிருக்கலாம். இரண்டாம் பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன். சோமனூர்க்காரர் என் விளக்கத்தைத் தலைகீழாக்கியது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. எட்டாம் வேற்றுமையை அப்படியும் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

இத்தனை பேர் இத்தனை சொல்லுக்குச் சண்டையிட்டோம். ‘குறும்பி’யை மட்டும் ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காதழுக்கை வெளியே எடுக்கும் கருவிக்குக் ‘குறும்பிவாங்கி’ என்றே அகராதியில் பெயர் இருக்கிறது. என் பாட்டியின் சாவிக்கொத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் கூடாது என்கிறீர்கள், சரி. அச்சகத்தாரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது வல்லின றகரம். இடையின ரகரம் போட்டுக் ‘குரும்பை’ ஆக்கிவிட்டால், காதில் தென்னம்பிஞ்சு அடைத்திருந்தால் மருத்துவரிடம் செல்லவும் என்றாகிவிடும்.