தங்கையின் திருமண வரவேற்புக்கு நாகசுரமா, மெல்லிசையா, டிஜேயா?

குடந்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் என் தங்கையின் திருமணம் கும்பகோணத்தில் நடைபெறவுள்ளது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மண்டபத்தில் 400 பேர் அமரலாம். காலையில் மேளம் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாலைக்குத்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் டிஜே வேண்டும் என்கிறார்கள். அம்மா பழைய திரைப்பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுவைக் கேட்கிறார். 84 வயதான தாத்தா எதையும் கேட்கவில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஓர் உறவினர் வீட்டு வரவேற்பில், ஒலிப்பெட்டிகள் முழங்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விருந்து முடியும்வரை யாரிடமும் பேசாமல் அமர்ந்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்படி ஒரு மாலை அவருக்கு மீண்டும் அமைந்துவிடக் கூடாது. இசைக்கென 60,000 ரூபாய் ஒதுக்கியுள்ளோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

ஒலிமேடை:

நான் பல ஆண்டுகளாகத் திருமணங்களுக்குச் சவுண்ட் சர்வீஸ் செய்து வருகிறேன். எந்தக் குழு என்று முடிவு செய்வதற்கு முன் ஒருமுறை மண்டபத்துக்குச் சென்று, நடுவில் நின்று கைதட்டிப் பாருங்கள். கிரானைட் தரையும் கண்ணாடிச் சன்னல்களும் உள்ள மண்டபங்களில் அந்த ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அங்கே தாழ்சுரப் (பாஸ்) பெட்டிகளை அடுக்கிவைத்தால் பாட்டின் சொற்கள் கரைந்து அதிர்வு மட்டுமே மிஞ்சும். பெட்டிகளைத் தரையில் வைத்து முதல் வரிசையை நோக்கித் திருப்புவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. தாங்கியில் தலைக்கு மேல் உயர்த்தி, பின்வரிசைகளை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் குறைந்த ஒலியிலேயே எல்லோருக்கும் கேட்கும், முன்வரிசைப் பெரியவர்களும் தப்பிப்பார்கள். காலி மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிறைந்த பின் மாறிவிடும் என்பதால், ஒலிக் கலவைப் பலகையில் இருப்பவரிடம் உங்கள் வீட்டார் ஒருவரை நிறுத்தி, குறைக்கச் சொல்லும் உரிமையை அவர் ஒருவருக்கு மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய மண்டபத்துக்குள் மட்டுமே விலக்கு உண்டு. வாசலில் டிஜே வைக்க நினைத்தால் இதை முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தவில்வீட்டுப்பெண்:

சகோதரரே, என் தந்தையார் தவில் வித்வான். காலையில் கெட்டிமேளத்துக்கு மட்டும் மேளம் போதும் என்று உங்கள் வீடும் கருதுவது போலத் தெரிவதால் இதை எழுதுகிறேன். இரண்டு நாயனம் (நாகசுரம்), இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம் கொண்ட குழு உங்கள் ஊரைச் சுற்றியே கிடைக்கும். நாகசுரத்துக்கே புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. வரவேற்பின் முதல் ஒன்றரை மணி நேரத்தை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, மைக் வைக்காதீர்கள். திறந்த வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்துப் பழகிய வாத்தியம் அது. 400 பேர் மண்டபத்தில் அதைப் பெட்டிகளில் ஏற்றும்போதுதான் "மேளச் சத்தம் தலைவலி" என்ற பழி வருகிறது. எந்த நாயனம் என்றும் கேளுங்கள். உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் திமிரியைவிட, இரண்டு கட்டை அளவிலான தாழ்ந்த சுருதியில் நிற்கும் பாரி நாயனம் உள்ளரங்கில் காதுக்கு இதமாக இருக்கும்.

இரண்டாவது, அவர்களை வாசிக்க விடுங்கள். ஒரு மண்டபத்தில் என் தந்தையார் குழு ஆலாபனையின் பாதியில் இருந்தபோது, டிஜேக்காரர்கள் சோதனைக்காகப் பாட்டை அலற விட்டார்கள். நாயனக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை மெல்லக் கழற்றித் துணியில் துடைத்தார். அப்பா வலக்கை விரல்களிலிருந்து தவில் வாசிக்க மாட்டும் கூடுகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் வைத்துக்கொண்டார். அதை அவமதிப்பு என்று உணர்ந்தவர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு மாலை வரவேற்புகளுக்கு அவர் ஒப்புக்கொள்வதே இல்லை.

கல்யாணவீடு:

என் மகன் திருமணத்துக்கு இரண்டு பாடகர், கீபோர்டு, வயலின், தபலா என்று ஐவர் கொண்ட மெல்லிசைக் குழுவை அமர்த்தினோம். பெருங்குழுவைவிடச் செலவு குறைவு, பக்கத்தில் இருப்பவருடன் பேசவும் முடிந்தது. பாடல் பட்டியலை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்கும் பாடலை அவர்கள் ஒத்திகையின்றிப் பாட நேரும். ஊர்தி வாடகையும் சாப்பாடும் தொகைக்குள் அடக்கமா என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

குடந்தைவாசி:

மறுமொழி தந்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாலை 6.30 முதல் 8 வரை மைக் இல்லாமல் நாகசுரம், அதன்பின் 9.30 வரை சிறிய மெல்லிசைக் குழு, கடைசி அரை மணி நேரம் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு என்று பேசி முடித்துள்ளோம். நேற்று மேளக்குழுவினர் வீட்டுக்கே சென்று, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து முன்பணம் கொடுத்து வந்தோம். புறப்படுவதற்கு முன் தாத்தாவிடம், வித்வானிடம் எந்த ராகம் வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று காதருகே கேட்டேன். சிறுவயதில் நாகசுர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பை நேரில் கேட்டவர் அவர் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. தோடி என்றார்.