தங்கச்சிமடத்துக்கு எந்த நெட் கனெக்‌ஷன் போடலாம்?

குழு உறவுகளுக்கு வணக்கம். எங்க வீடு தங்கச்சிமடத்துல, கடற்கரையை ஒட்டி. அண்ணன் சவுதியில இருக்கார். ராத்திரி வீடியோ கால்லதான் பிள்ளை முகத்தைப் பார்க்கிறார். இப்ப இருக்குற இணைப்பு காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே போயிருது. போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்கலா வர்ற கேபிள், அறுந்தா ஆள் வர நாளாகுது. ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்தியாகணும்.

பி.எஸ்.என்.எல். ஃபைபரா, ஜியோ ஏர்ஃபைபரா? ஏர்ஃபைபர்னா வீட்டுக்கு வயர் இழுக்க வேண்டாம், டவர் சிக்னல்லயே வந்துரும். ஆனா மாடியில வைக்கிற பெட்டி உப்புக்காத்தைத் தாங்குமா? பழைய ரவுட்டரோட அடாப்டர் முனையைக் கழட்டிப் பார்த்தா பச்சை பூத்துக் கிடக்கு. அதான் பயம். வேகம் 50 எம்.பி.பி.எஸ். இருந்தாலே எங்களுக்குத் தாராளம், அறுபடாம வரணும்.

ரவுட்டர்ல இன்னொரு குழப்பம். வீடு நீளவாக்குல இருக்கு, நடுவுல கனமான சுவரு. ரவுட்டர் தர்ற ரெண்டு வகை வைஃபை சிக்னல்ல 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும், 2.4தான் பின்னறை வரை எட்டும். கடைக்காரர் விலை கூடின வைஃபை 6 ரவுட்டரைக் காட்டுறார். அதுக்குப் பதிலா சாதா ரவுட்டரோட பின்னறைக்கு லேன் கேபிள் இழுத்து இன்னொண்ணு வைக்கலாம்னு எனக்குத் தோணுது, சரியா?

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். (சின்ன பேட்டரிப் பெட்டி) வாங்கினவங்க எது நல்லதுன்னு சொல்லுங்க. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவங்க, உங்க லைன்மேன் கூப்பிட்டா வர்றாரான்னும் மறக்காம சொல்லுங்க.