அப்பாவுக்கு ஒரு போர்டு மாட்டலாமா?

ஒத்தக்கடை:

போன வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணியில நடந்ததை எழுதிட்டு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

எங்க வீட்டுக்காரருக்கு 43 வயசு. லோடு வண்டி ஓட்டினவர். மூணு வருசத்துக்கு முன்னாடி மார்கழியில, விடியக்காலை பனியில, மேலூர் நாலுவழிச்சாலையில லைட் இல்லாம நின்ன டிராக்டர் மேல பைக்கோட போய் மோதிட்டார். தலையில பலத்த அடி. பெரியாஸ்பத்திரியில டாக்டர் "ஸ்கோர் 6"ன்னார். பத்துக்கு ஆறு, பாஸ்தானேன்னு ஒரு நிமிசம் மூச்சு விட்டேன். அப்புறம்தான் நர்ஸம்மா சொன்னாங்க. கண்ணு தெறக்குறது, பேசுறது, கை கால் அசைக்கிறது, மூணுக்கும் சேத்து மொத்தம் 15. ஒண்ணுமே செய்யாம கிடந்தாலும் 3 போடுவாங்களாம்.

இப்ப நடக்கிறார். இடது காலை இழுத்து வைப்பார். பேச்சு குழறும். ஒரு வாக்கியம் சொல்ல நேரமாகும். நடுவுல நாம புகுந்துட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

அன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுக்குத் திரும்புறோம். கூட பன்னெண்டு வயசுப் பையன். டவுன் பஸ்ல எனக்கு டிக்கெட் கிடையாது, அவங்க ரெண்டு பேருக்கும் அவரே எடுக்கட்டும்னு விட்டேன். காசு எண்ணிக் கொடுக்கிறதும் ஒரு பயிற்சின்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. பஸ் திரும்பினதும் தள்ளாடி ஒரு பொம்பளப்புள்ள மேல சாஞ்சிட்டார். "மன்னிச்சுக்கங்க"ன்னு சொல்ல வந்தது குழறிப் போச்சு. கண்டக்டர், "பட்டப்பகல்லயே ஏத்திட்டு வந்துட்டியா, எறங்குய்யா"ன்னு விசில் அடிச்சிட்டார். நான் சொல்றதை யாரும் காதுல வாங்கல. எறங்கி நின்னோம்.

எனக்கு இது பழகிப்போச்சு. பையன்தான் ராத்திரி கேட்டான், "அம்மா, அப்பாவுக்கு ஒரு போர்டு எழுதிக் கழுத்துல மாட்டிவிட்டா என்ன?"

என்ன சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு இப்படி நடந்துருக்கா? என்ன செஞ்சீங்க?


திருமங்கலம்:

அக்கா, போர்டெல்லாம் வேணாம். என் தம்பி கதையைக் கேளுங்க.

அவனுக்கு 24 வயசு. ஹெல்மெட் இருந்துச்சு, பெட்ரோல் டேங்க் மேல. மூளை வீங்கினதால டாக்டருங்க வலது பக்க மண்டை எலும்பை உள்ளங்கை அகலத்துக்கு எடுத்து, அது கெட்டுப் போகக்கூடாதுன்னு வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு எடுத்துத் திரும்பப் பொருத்தினாங்க. அந்த நாலு மாசமும் அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறான்னு பாக்குறதுதான் எங்க அம்மாவுக்கு வேலை.

போன தையில என் வண்டியில பின்னாடி வந்தான். வழியில வண்டி சோதனை. ஓட்டினது நான்; ஆனா எறங்கி நின்னவன் ஆடுறதைப் பாத்து அவனை ஊதச் சொன்னாங்க. ஊதினான். ஒண்ணும் காட்டல. "அப்ப கஞ்சாவா?"ன்னார் ஒருத்தர். எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. தம்பி பொறுமையா சட்டையைத் தூக்கி வயித்துத் தழும்பைக் காட்டி, "சார், என் மண்டை ஓடு நாலு மாசம் இங்கதான் இருந்துச்சு"ன்னான். யாருக்கும் பேச்சு வரல. வயசான ஏட்டையா மட்டும், "தொட்டுப் பாக்கலாமாப்பா?"ன்னு கேட்டார்.

இப்ப அது அவனுக்கு ஒரு வெளையாட்டாப் போச்சு. கல்யாண வீட்ல எல்லாம் சட்டையைத் தூக்குறான். அந்த நேரத்துல தூக்கலாமா கூடாதாங்கிற நிதானம் இன்னும் வரல. அது நெத்திப்பக்க மூளையில அடிபட்டதால வர்றதாம். கொழுப்புன்னு சொல்ற சித்தப்பாகிட்ட எத்தனை தடவை சொல்றது!


வாடிப்பட்டி:

சுருக்கமா எழுதுறேன், வண்டிக்கு நேரமாச்சு. அடிபட்டு ஒன்றரை வருசம் கழிச்சு என் அண்ணனுக்கு டீக்கடை வாசல்ல பிட்ஸ் வந்துச்சு. நாங்க பக்கத்துல இல்ல. நாலு பேர் சேந்து கையில சாவிக்கொத்தைத் திணிச்சு, பல்லுக்கு நடுவுல கரண்டியைச் சொருகிட்டாங்க. முன் பல்லு ஒண்ணு போச்சு. நல்ல மனசோட செஞ்சதுதான், என்னத்தைச் சொல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு அடியில துண்டை மடிச்சு வச்சா போதும். வாயில எதையும் வைக்கக் கூடாது. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா 108. இதை எழுதி இப்ப அவர் சட்டைப் பையில வச்சிருக்கோம். அக்கா, போர்டு வேணாம், சீட்டு வைங்க. மாத்திரையை மட்டும் "நல்லாயிட்டாரு"ன்னு நீங்களா நிறுத்திராதீங்க. நாங்க நிறுத்தினோம், அதான் இது.


செல்லூர்:

எனக்கு என்னத்தை எழுதி மாட்டுறது தாயி? "இந்தம்மாவுக்கு வாசம் தெரியாது"ன்னா?

நான் பூக்கட்டி விக்கிறவ. மொட்டை மாடியில வத்தல் எடுக்கப் போயி படியில உருண்டு பின்மண்டையில அடி. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, தையல், வீட்டுக்கு வந்துட்டேன். கையும் காலும் நல்லாருக்கு, பேச்சும் நல்லாருக்கு. ஒரு வாரம் கழிச்சு மடியில ரெண்டு கிலோ மல்லியைக் கொட்டி உக்காந்தேன். வாசம் இல்ல. நேத்துப் பூவைத் தள்ளிவிட்டுட்டான்னு யாவாரிகிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவரு மூக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு.

மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்காம். அதோட ஓட்டை வழியா நூலு நூலா நரம்பு போகுதாம். தலை குலுங்குனதுல அந்த நூலு அறுந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. சில பேருக்குத் திரும்ப வருமாம். எனக்கு ரெண்டு வருசமாச்சு. 2013ல நம்ம மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்கன்னு மார்க்கெட்டே கொண்டாடுச்சு. அந்தப் பூவைத்தான் இப்ப நான் கண்ணால பாத்து விக்கிறேன். காம்பு பச்சையா இருக்கா, மொட்டு இறுக்கமா இருக்கா, எதழு ஓரம் பழுத்திருச்சா, அதான் கணக்கு.

பூ பரவால்ல. உப்பு, புளி, காரம் நாக்குக்குத் தெரியுது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியல. ஒரு நாள் அடுப்பு அணைஞ்சு கேஸ் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, நான் பக்கத்துல உக்காந்து பூக்கட்டுறேன். எதுத்த வீட்டு மதினி ஓடியாந்து ரெகுலேட்டரை மூடுச்சு. பேரனுக்குக் கெட்டுப்போன பாலைக் கொடுத்துட்டேன். மருமக ஒண்ணும் சொல்லல. அதுலேர்ந்து பாலை எங்கிட்டத் தர்றதில்ல. ஒத்தக்கடை தாயி, உன் வீட்டுக்காரருக்கும் வாசம் தெரியுதான்னு காப்பித்தூளை மோந்து பாக்கச் சொல்லு. பெரிய அடி பட்டவுகளுக்கு இதை யாரும் கேக்குறதே இல்ல.


உசிலம்பட்டி:

எங்க அப்பாவுக்கு 71. இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர். தோட்டத்து வரப்புல சறுக்கி விழுந்தார், தலையில ஒரு வீக்கம்கூட இல்ல, எந்திரிச்சுத் தண்ணி பாய்ச்சப் போயிட்டார். மூணு வாரம் கழிச்சு ஆளே மாறிட்டார். வாசல்ல ஒண்ணுக்குப் போறார், அம்மாவை யாருன்னு கேக்குறார், நடை கோணுது. காத்துக்கருப்புன்னாங்க. ஏர்வாடிக்குக் கொண்டு போன்னாரு பெரிய மாமா. 2001 ஆகஸ்ட் 6ல அங்க ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிக் கிடந்த 28 பேர் செத்தது எனக்கு ஞாபகம் இருந்ததால முடியாதுன்னுட்டேன். சமாதானத்துக்குக் கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனோம்.

கோடாங்கி உடுக்கையைக் கீழ வச்சிட்டுக் கேட்டார், "எங்கேயும் விழுந்தாராப்பா?" விழுந்தார்னேன். "இது என்கிட்ட வர்ற கேஸ் இல்ல, தலையைப் படம் எடு"ன்னார். காணிக்கையும் வாங்கல. ஸ்கேன்ல மூளைக்கு மேல ரத்தம் கொஞ்சங்கொஞ்சமாத் தேங்கியிருந்துச்சு. வயசானா மூளை சுருங்கி இடம் விடுறதால அமுக்கம் உடனே தெரியாதாம். ரெண்டு ஓட்டை போட்டு வடிச்சாங்க. பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்க. நாலாம் நாள் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மோட்டாரை நிறுத்தினியா?"

எல்லாக் கோடாங்கியும் இப்படி இருப்பாங்கன்னு நம்பிப் போயிராதீங்க.


பழங்காநத்தம்:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். என் மகன் விபத்துக்கு முன்பு கணக்குப் பட்டதாரி. இன்று கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடுவான். சத்தம் கேட்டால் கோபம் வரும். பார்ப்பதற்கு அவனிடம் ஒரு குறையும் கிடையாது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது, "கையை நீட்டு, மடக்கு, நட" என்றார்கள். எல்லாவற்றையும் செய்தான். "நல்லாத்தானே இருக்கான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனி வகையாக இல்லை. நடக்க முடியாவிட்டால் ஒரு வகை, பேச்சு போனால் இன்னொரு வகை, மனநலம் வேறு வகை என்று நம் பிள்ளையைத் துண்டு துண்டாகத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை போனபோது, ஒரு மாதம் அவன் மறந்ததையும் உடைத்ததையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கொண்டுபோனேன். நினைவாற்றல் பரிசோதனை செய்யும்படி எழுதிக் கேட்டேன். அதன் பிறகே சான்றிதழ் கிடைத்தது. அந்த நோட்டைப் படித்த மருத்துவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டு வழக்குக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. சீக்கிரம் வக்கீலைப் பாருங்கள். அதே சமயம் வந்த தொகைக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கால் முறிவு அன்றே தெரியும்; மறதி வேலைக்குத் திரும்பும்போதுதான் தெரியும்.

அட்டை விஷயத்தில் வாடிப்பட்டிக்காரர் சொல்வதே சரி. பையில் இருக்கட்டும், கழுத்தில் வேண்டாம்.


மேலூர்:

நான் அடிபட்டவன். கூட இருக்கவன் இல்ல. மூணு நாளா இதை எழுதுறேன். நாலு வரிக்கு மேல போனா தலை கனக்கும்.

சித்திரைத் திருவிழா. எதிர்சேவை பாக்கணும்னு நான்தான் அடம்புடிச்சேன். தல்லாகுளம். கொட்டு. வேட்டு. ஒரே லைட்டு. துருத்தியில தண்ணி பீச்சுறாங்க. எல்லாம் ஒண்ணா மண்டைக்குள்ள வந்துருச்சு. காதைப் பொத்திட்டு ரோட்டுலயே உக்காந்துட்டேன். மிதிச்சிருப்பாங்க.

கருப்பசாமி வேசம் போட்ட ஒருத்தர் என்னைத் தூக்கி ஒரு மண்டகப்படி ஓரத்துல உக்கார வச்சாரு. எனக்கு முன்னால முதுகைக் காட்டி நின்னுக்கிட்டாரு. அழகர் போற வரைக்கும். என்னன்னு கேக்கல. குடிச்சியான்னு கேக்கல. பேரு கேக்கல. அப்புறம் போயிட்டாரு.

ஒண்ணு சொல்லணும். எல்லாரும் எழுதிட்டீங்க. போர்டு மாட்டு, மாட்டாதேன்னு. ஓட்டல்லயும் இப்படித்தான். சர்வர் என்னைப் பாத்துக்கிட்டே என் சம்சாரத்துகிட்ட கேப்பான், "இவரு காப்பி சாப்பிடுவாரா?"ன்னு.

ஒத்தக்கடை அக்கா, மாமாகிட்ட கேட்டீங்களா?


ஒத்தக்கடை:

கேக்கல தம்பி. மூணு வருசமா நானே எல்லாத்துக்கும் பதில் சொல்லிப் பழகிட்டேன். படிச்சதும் கை நடுங்கிருச்சு.

நேத்து சாயங்காலம் டிவியை அமத்திட்டு, பையனையும் உக்கார வச்சுக் கேட்டேன். "பஸ்ல நடந்துச்சே, அதுக்கு நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்குப் போர்டு வேணுமா?" பையன் நடுவுல ஏதோ சொல்ல வந்தான், தொடையில கிள்ளி வச்சேன். அஞ்சு நிமிசம் இருக்கும். சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். மறந்துட்டார் போலன்னு எந்திரிக்கப் போனேன்.

"அம்பது... அம்பது ரூவா"ன்னார்.

என்ன அம்பது ரூபா?

"நோட்டு குடுத்தேன். கண்டக்டர்கிட்ட. டிக்கெட் குடுக்கல. திருப்பியும் தரல."

காலையில என்ன சாப்பிட்டோம்னு ஞாபகம் இல்லாத மனுசன். போய் அவர் சட்டைப் பையைப் பாத்தேன். நான் வச்சுவிட்ட அம்பது இல்ல. நானும் இந்த ஒரு வாரத்துல அதை நினைக்கவே இல்ல.

போர்டு பத்தி இன்னும் பதில் வரல. காப்பித்தூளை மோந்து பாத்துட்டு, தூள் பழசுன்னார்.