பழைய டவுன், ஜோடி ரூம்: போய்த் தங்கினவங்க உங்க கதையைச் சொல்லுங்க

பழைய வண்ணாரப்பேட்டை:

எந்த ஹோட்டல்னு கேக்காதீங்க, பேரு வேணாம். பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல, அதான் பிரெஞ்சுக்காரங்க இருந்த பக்கம், ஒரு மஞ்சச் சுவர் வீடு. நடுவுல முற்றம், ஒரு மாமரம், மொத்தமே பத்துப் பன்னெண்டு ரூம்தான். பெரியவ முதல் சம்பளத்துல புக் பண்ணிக் குடுத்தா. கல்யாணமாகி 23 வருஷத்துல பசங்க இல்லாம நாங்க ரெண்டு பேரும் ஒரு ராத்திரி எங்கயும் தங்கினதில்ல.

கட்டில் மேல ரோஜா இதழால ஹார்ட் போட்டு வச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரம்மா உள்ள நுழைஞ்ச கையோட அதை அள்ளி ஒரு கவர்ல கட்டி வச்சுட்டாங்க. பூ மேல படுக்கக் கூடாதாம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. ராத்திரி லைட்ட அணைச்சிட்டுப் படுத்தோம். முற்றத்து வெளிச்சம் ஜன்னல் வழியா மேல அடிக்குது. மெட்ராஸ் டெரஸ். நம்ம பக்கத்துப் பழைய வீட்டுல எல்லாம் இருக்குமே, அதேதான், தேக்கு உத்தரம் வரிசையா. கொஞ்ச நேரம் மேலயே பாத்துட்டு, "பதினாலு"ன்னாங்க. என்ன பதினாலுன்னேன். "உத்தரம். நம்ம ரூம்ல பதினொண்ணு."

நம்ம ரூம்னா எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி இருந்த எங்கப்பா வீட்டு மாடி ரூம். 2011ல இடிச்சு பிளாட் கட்டினோம். நான்தான் மூத்தவன், முதல் கையெழுத்து என்னுது. பழைய மரம் வாங்கறவர் உத்தரத்தை எல்லாம் லாரில ஏத்தினப்ப பக்கத்துலதான் நின்னேன். பணத்தை எண்ணினேன். உத்தரத்தை எண்ணல.

"வந்த புதுசுல தூக்கம் வராது, எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிட்டாங்க. ஏன் தூக்கம் வரலன்னு நான் கேக்கல. காலைல கேக்கலாம்னு இருந்தேன். காலைல இட்லி, பிரெட்டு, ஆம்லெட்டுன்னு அந்தப் பரபரப்புல போயிடுச்சு. வந்து ஒன்றரை மாசமாகுது.

தம்புசெட்டித் தெரு:

அண்ணே, கோச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். 1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸைப் பிடிச்சான். கோட்டைக்கு வடக்க ஒட்டி இருந்த கறுப்பர் பட்டணத்துல வீடுங்களை இடிச்சுத் தள்ளினான். 1749ல இங்கிலீஷ்காரன் கைக்குத் திரும்ப வந்ததும் அவன் சும்மா இருந்தானா? பீரங்கிக்கு முன்னாடி வெட்டவெளி வேணும்னு மிச்சத்தையும் தரைமட்டமாக்கினான். இதுக்கு இந்தாண்ட எவனும் வீடு கட்டக் கூடாதுன்னு நட்ட எல்லைக்கல்லுல ஒண்ணு, 1773ன்னு போட்டு, பாரிமுனைல டேர் ஹவுஸ் ஓரமா இன்னிக்கும் நிக்குது. தினம் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கறோம், ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்ல. நம்ம ஊரை இடிச்சவன் ஊருக்கே போய், காசைக் குடுத்துப் படுத்துட்டு வந்து கண்ணு கலங்கறோம்.

நானும் போனவன்தான், இல்லன்னு சொல்லல. கல்யாண நாள். மெனு கார்டுல "மிளகு தக்காளி கன்ஸொமே", 320 ரூபா. பேரு நல்லாருக்கேன்னு ரெண்டு ஆர்டர் பண்ணிட்டேன். கொண்டாந்து வச்ச பையன் கடலூர் பக்கம் போல. மேனேஜர் அந்தாண்ட போற வரைக்கும் பாத்துட்டு, குனிஞ்சு, "அண்ணே, ரசம்தான். சோறு கேளுங்க, தருவோம்"னான். அந்தப் பையன் மூஞ்சி மட்டும் மறக்கவே மாட்டேங்குது.

மீன்காரி மருமக:

எங்களுது தரங்கம்பாடி. ஹனிமூன்.

எங்க வீட்டுக்காரர் குடும்பம் மூணு தலைமுறையா காசிமேட்டுல மீன்பிடி படகு வச்சிருக்கறவங்க. அவர் மட்டும் படிச்சு பேங்க்ல இருக்கார். கடலே வேணாம், ஊட்டி போலாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கேக்கல. டேனிஷ்காரன் 1620ல கட்டின கோட்டை இருக்கற ஊரு, அமைதியா இருக்கும்னார். அமைதியாத்தான் இருந்துச்சு. ஏழு மணிக்கு மேல தெருவுல நாய் கூட இல்ல. பெரிய பெரிய தூண் வச்ச வராந்தா, கொசுவலை கட்டின கட்டில், மெழுகுவர்த்தி வச்சு சாப்பாடு. சினிமா மாதிரி இருந்துச்சுன்னு வச்சுக்குங்களேன்.

விடியக்காலம் நாலரைக்கு முழிச்சுப் பாக்கறேன், பக்கத்துல ஆளக் காணோம். பாத்ரூம்ல இல்ல, வராந்தால இல்ல. போன் தலைமாட்டுல கிடக்குது. கல்யாணமாகி ஆறு நாள்! நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். வாட்ச்மேன் தாத்தாவை எழுப்பிக் கேட்டா, "கரைப் பக்கமா போனாரும்மா"ங்கறார்.

ஆறு மணிக்கு வர்றார். இடுப்பு வரைக்கும் ஈரம், கால் பூரா மணல். கைல ஹோட்டல் வெள்ளை டவல், முடிச்சு போட்டு. உள்ள ஒரு கூறு சங்கரா மீன், நடுவுல நாலு இறா. ஃபைபர் படகைக் கரை ஏத்த ஆள் பத்தலயாம், ஒரு கை குடுத்தாராம், அவங்க பிரியமா குடுத்தாங்களாம். அவ்ளோ சிரிச்ச முகமா நான் அவரைக் கல்யாண ஆல்பத்துல கூடப் பாத்ததில்ல.

கிச்சன்ல குடுத்து வறுத்து வாங்கினோம். டவலுக்கு 450 ரூபா பில்லுல போட்டுட்டாங்க.

தம்புசெட்டித் தெரு:

450 அநியாயம். வெள்ளைத் துணில மீன் கறை பட்டா உடனே பச்சத் தண்ணில நனைக்கணும், சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும். அப்புறமா எலுமிச்சம்பழம், உப்பு. வெயில்ல போட்டா வாடை போயிடும். நீங்களே அலசிக் குடுத்திருக்கலாம்.

மீன்காரி மருமக:

ஹனிமூன்ல டவல் அலசச் சொல்றீங்களா அண்ணா?

காசிமேடு சொந்தம்:

எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சது. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஊரு, அரண்மனை மாதிரி வீட்டை ஹோட்டலா மாத்தியிருக்காங்க. வாசல்ல பன்னீர் தெளிச்சு, சந்தனம் வச்சு, இளநி குடுத்து ராஜ மரியாதை. ரிசப்ஷன்ல ஆதார் கேட்டாங்க. குடுத்தேன். அந்த ஆளு அட்ரஸைப் படிச்சுட்டு, ஒரு மாதிரி சிரிச்சு, "காசிமேடா சார்? அங்க எல்லாம் ஒரே கத்தி, வெட்டு, குத்துன்னு படத்துல காட்டுவாங்களே?"ன்னார்.

வம்புக்குக் கேட்ட மாதிரி தெரியல. சும்மா பேச்சுக் குடுத்தார், அவ்ளோதான். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பழைய அட்ரஸ் சார், மாத்தணும். இப்ப அண்ணா நகர்ல இருக்கோம்."

அண்ணா நகர்ல எங்களுக்கு ஒரு செங்கல் கூட இல்ல. என் வைஃப் பக்கத்துல நிக்கறா. அவளுக்கும் அதே தெருதான், நாலு வீடு தள்ளி. ஒண்ணும் பேசல. ராத்திரி அந்த ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச பெரிய ஹால்ல வாழை இலை போட்டு வரிசையா பரிமாறினாங்க. கறி எடுத்துட்டு வந்தவர் "மேடம் எந்த ஊரு?"ன்னு கேட்டார். இவ என்னைப் பாக்காம, ஹாலுக்கே கேக்கற மாதிரி, "காசிமேடு"ன்னா.

கறி எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

கொத்தனார் பையன்:

எங்கப்பா பாண்டில ஒரு பழைய வீட்டைப் புதுப்பிச்சப்ப பூச்சு வேலை பாத்தவர். சுண்ணாம்பு அரைக்க கடுக்காய், வெல்லம் ஊற வச்ச தண்ணி வேணும், அதைக் குடம் குடமா தூக்கிக் குடுத்தவன் நான், ஸ்கூல் லீவுல. இப்ப அது ஹோட்டல். போன வருஷம் வைஃபோட போய், தங்க வசதி இல்ல, காபி மட்டும் சொல்லிட்டு உக்காந்திருந்தோம். சுவத்தைத் தடவிப் பாத்தேன். "சார், ப்ளீஸ், டச் பண்ணாதீங்க"ன்னான். சரின்னு கையை எடுத்துட்டேன்.

அத விடுங்க. இந்த மாதிரி வீட்டுல தங்கறவங்க இதைத் தெரிஞ்சுக்குங்க. கீழ்த்தள ரூம் எடுக்காதீங்க, சுண்ணாம்புச் சுவரு தரைலேர்ந்து ஈரத்தை இழுக்கும். அது தப்பில்ல, அந்தச் சுவரு மூச்சு விடற சுவரு, இழுத்த ஈரத்தை வெளிய விட்டுடும். அது மேல சிமெண்ட்டைப் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடிச்சாத்தான் வினை. ஈரம் போக வழியில்லாம உப்பு பூத்து, பொரிஞ்சு கொட்டும், ரூம் பூரா ஒரு பூஞ்ச வாடை அடிக்கும். உள்ள போனதும் கட்டிலுக்குப் பின்னாடி சுவத்துல, தரைலேர்ந்து ஒரு முழ உயரத்துல பாருங்க, பெயிண்ட் உப்பலா இருந்தா வேற ரூம் கேளுங்க. பாத்ரூம் புதுசா ஒட்டுனதா பழசான்னும் பாருங்க, மெட்ராஸ் டெரஸ் மேல பாத்ரூம் கட்டியிருந்தா அதுக்குக் கீழ் ரூம்ல படுக்காதீங்க. செங்கல்லைச் செங்குத்தா அடுக்கிச் சுண்ணாம்புல பிடிச்ச தளம் அது, கம்பி கிடையாது, ஒழுகற தண்ணி உத்தரத்து நுனிக்குப் போய் சுவத்துக்குள்ளயே உளுக்க வச்சிடும், வெளிய தெரியாது.

அப்புறம் பில்லு. ரூம் வாடகை நாளுக்கு 7,500 வரைக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினா மொத்தத்துக்கும் 18. 2025 செப்டம்பர்ல மாத்தினாங்க. 7,600 ரூம்னா கொஞ்சம் பேசி 7,500க்குக் கொண்டு வாங்க, வரியிலயே பெரிய வித்தியாசம்.

தம்புசெட்டி அண்ணே, உங்க சரித்திரத்துல பாதியத்தான் சொன்னீங்க. 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியைப் பிடிச்சு கோட்டை, வீடு எல்லாத்தையும் தரைமட்டமாக்கினான். இப்ப நீங்க பாக்கற மஞ்ச வீடெல்லாம் அதுக்கப்புறம் கட்டினது. கட்டினவன் எல்லாரும் நம்ம ஆளுங்கதான். பூச்சு பூசினவனைத் தொடக் கூடாதுன்னு சொன்னது மட்டும்தான் வெள்ளைக்காரத்தனம்.

பேசின் பிரிட்ஜ்:

பாண்டில எங்களுக்கு ரூம் உள்ள போகற பாக்கியமே கிடைக்கல. இன்னும் கல்யாணம் ஆகல, ஆகப் போகுது. ஆன்லைன்ல பணம் கட்டியாச்சு. ரெண்டு ஐ.டி.யையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "ஃபேமிலிக்கு மட்டும்தான்"னுட்டாங்க. கல்யாணம் ஆகாதவங்க ஒரே ரூம்ல தங்கக் கூடாதுன்னு சட்டமே இல்லன்னு சென்னை ஹைகோர்ட் 2019 டிசம்பர்ல சொல்லியாச்சு, கோயம்புத்தூர் கேஸ்ல. போன்ல எடுத்துக் காட்டினேன். "கோர்ட்டுல போய்த் தங்கிக்குங்க"ன்னார்.

பீச் ரோட்டுல போய் உக்காந்தோம். சாயங்காலம் 6 மணிலேர்ந்து அங்க வண்டி விட மாட்டாங்க இல்ல, ஜனம் கையை வீசிட்டு நடக்குது. குழந்தைங்க, கெழவன் கெழவி, ஜோடி ஜோடியா. யாரும் யாரையும் ஐ.டி. கேக்கல. பதினோரு மணி வரைக்கும் பாறைல உக்காந்து சுண்டல் சாப்பிட்டுட்டு பஸ் ஏறினோம். பணம் இன்னும் திரும்பி வரல.

தம்புசெட்டித் தெரு:

கல்யாணத்தை முடிச்சுட்டு ஜம்முனு போங்க தம்பி, என்ன அவசரம்?

பேசின் பிரிட்ஜ்:

தங்கச்சி.

மீன்காரி மருமக:

காசிமேடு சொந்தம், எந்தத் தெருன்னு மட்டும் சொல்லுங்க. உங்க வைஃபை நான் பாக்கணும்.

பழைய வண்ணாரப்பேட்டை அண்ணா, ஒன்றரை மாசமா எங்ககிட்ட சொல்றதுக்கு வாய் இருக்கு, அவங்ககிட்ட கேக்கறதுக்கு இல்லயா? இன்னிக்கே கேளுங்க.

பழைய வண்ணாரப்பேட்டை:

கேட்டேன். வெங்காயம் நறுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து கூடப் பாக்கல. "கொசு"ன்னாங்க.