நப்பின்னை என்று பேர் வைத்தவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கம், சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகள் பிறந்து 18 நாள் ஆகிறது. மார்கழி மார்கழியாகத் திருப்பாவை கேட்டு வளர்ந்த ஆசையில், 18-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுகிற, கண்ணனின் தேவியான நப்பின்னையின் பேரையே வைக்கலாம் என்றிருக்கிறேன். சங்கப் புலவர்கள் நக்கீரர், நச்செள்ளையார் பேர்களில் சிறப்பைக் காட்ட முன்னால் வருகிற அதே 'ந'தான், பின்னை என்றால் இளையவள், இதில் என்ன குறை? ஆனால் அம்மாயி வெற்றிலை இடித்துக்கொண்டே "வாயில நுழையலையே சாமி" என்கிறார். தட்டுவடை செட் கடை அக்கா வேறு "வடநாட்டுப் பேரா?" என்று கேட்டுவிட்டார், சிரிப்பதா அழுவதா! உங்கள் பக்கம் யாருக்காவது இந்தப் பேர் இருக்கிறதா? வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறீர்கள்? அப்புறம் ஆங்கிலத்தில் எத்தனை 'பி' போட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போடுகிறோம், அதற்குள் சொல்லுங்கள்.